பெட்டிக்குள் ஒரு மருமகள்

அவள் பிறந்ததும் அழுத அழுகைக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "எல்லாம் நல்லபடிதானே?" என்று கேட்டாராம். இதை அவளுடைய அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பள்ளியில் வருகை எடுக்கும்போது அவள் பதில் சொன்னால் பக்கத்து வகுப்பில் ஒருவன் எழுந்து நிற்பான். கீச்சுக் குரல் இல்லை, கட்டைக் குரலும் இல்லை. கேட்டவர் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிற மாதிரியான ஒரு குரல். "மெதுவாப் பேசுடி" என்று சொல்லிச் சொல்லியே அம்மாவின் குரல்தான் தேய்ந்துபோனது.

அந்தக் குரலுக்கு ஒரு வேலை கிடைத்தது. நகர மருத்துவமனையில் டோக்கன் எண்களைக் கூப்பிடும் வேலை. சேர்ந்த வாரமே மைக் கெட்டுப்போனது. பழுது பார்க்கச் சொல்லி அவள் மேலே எழுதிப் போட்டாள். நிர்வாகி வந்து ஓரமாக நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மைக்குக்கு ஒரு குறையும் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். அது அணைந்து கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு மைக் அக்கா என்று பெயர்.

இருநூறு பேர் முண்டியடிக்கிற கூடத்தில் அவள் "வரிசையில வாங்க" என்றால் வரிசை வரும். சுவரோரம் சாய்ந்திருந்த கரண்ட் கம்பிக்காரர்கூட ஏணியோடு வரிசையில் நின்றதாகச் சொல்வார்கள். ஆனால் வீட்டில் நிலைமை வேறு. அவள் வாழ்க்கைப்பட்ட வீடு ஒரு மருந்துக்கடையின் மாடி. கீழே கடை கணவனின் அண்ணனுடையது. மேலே அந்த அண்ணன், அவர் மனைவி, மாமனார், அவள், அவள் கணவன். அந்த மாடியில் அவள் எது சொன்னாலும் யார் காதிலும் விழாது. காதில் விழாமல் இல்லை. விழும். விழுந்தது எழுந்திருக்காது, அவ்வளவுதான்.

மாமனார் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் யாரும் டிக்கெட் எடுப்பதில்லை என்பது அவருடைய தத்துவம். பால்காரர் முதல் வைத்தியர் வரை எல்லோரையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். சந்தேகமே படாத ஒரே ஆள் அவருடைய மூத்த மகன்.

ஒருநாள் வெளியூரிலிருந்து ஒரு குழு மருத்துவமனைக்கு வந்தது. கையில் தட்டையாக ஒரு பெட்டி. அவளைக் கூப்பிட்டனுப்பியது வார்டில் இருந்த இளம் பெண் டாக்டர்.

"ஊர்ல தும்மினா ஒண்ணு, இருமினா ஒண்ணுன்னு ஆன்டிபயாடிக் முழுங்கறாங்க, தெரியும்ல?" என்றார் டாக்டர். "கிருமிங்களுக்குப் பழகிடுச்சு. பாதி மருந்தை அதுங்க இப்போ மதிக்கிறதே இல்லை. எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணலாம்னா நம்ம லேப்ல இருக்கிறது ஒரே ஒரு ஆள். அவரும் மதியத்துக்கு மேல தூங்கிடுவார். அதான் இந்தப் பெட்டி. இந்த ஊர் ரிசல்ட் எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டிருக்காங்க. ஆளைக் கேள்வி கேக்கும், புண்ணு இருந்தா போட்டோ எடுக்கும். இவருக்கு மருந்து வேணுமா, வேணும்னா எது கேக்கும்னு கணக்குப் பண்ணிச் சொல்லும். செயற்கை நுண்ணறிவுன்னு பேர்."

"சொல்லிட்டுப் போகட்டும் டாக்டர். அதுக்கு நான் எதுக்கு?"

"முதல்ல வேற குரல்ல வெச்சுப் பாத்தாங்க. ரேடியோல வர்ற மாதிரி தேன் குரல். 'உங்களுக்கு இந்த மருந்து தேவையில்லை'ன்னு அது சொன்னா, 'அப்படிச் சொல்லாதே கண்ணு'ன்னு அதுகிட்ட கொஞ்சறாங்க. உன்கிட்ட எவன் கொஞ்சுவான்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான்.

படுக்கைவிரிப்புகள் வைக்கிற அறையில், சுற்றிலும் மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, நடுவில் அவளை உட்கார வைத்தார்கள். தாடி வைத்த ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அவள் வாக்கியம் வாக்கியமாகப் படிக்க வேண்டும். அதைப் பிட்டுப் பிசைந்து, அவள் சொல்லாத வாக்கியங்களையும் அவள் குரலிலேயே பெட்டி சொல்லிக்கொள்ளுமாம். உங்கள் சளி என்ன நிறம் என்பது வரை நன்றாகப் போனது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா என்ற இடத்தில் அவள் குரல் உள்ளே போய்விட்டது.

"அக்கா, வரிசையில இடிக்கிறவங்ககிட்ட கேக்கற மாதிரி கேளுங்க" என்றான் பையன்.

கேட்டாள். இன்றுவரை அந்தப் பெட்டி அந்தக் கேள்வியைக் கேட்டால் ஆண்பிள்ளைகள் நிமிர்ந்து நின்றுதான் பதில் சொல்கிறார்கள்.

மருத்துவமனையிலும், ஊரில் இருந்த மருந்துக்கடை ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டி பச்சை காட்டினால்தான் ஆன்டிபயாடிக் விற்கலாம், இல்லையென்றால் உரிமம் போய்விடும் என்று உத்தரவு. குழு ஊரை விட்டுப் போகும்போது அவளுக்கு நன்றியாக ஒரு குடை கொடுத்துவிட்டுப் போனது. மழைக்கு மட்டும்தான் அது போதும். அவளுக்கு வந்தது வேறு.

முதலில் அகப்பட்டது அவள் கணவன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன், வாயில்லாப் பூச்சி. ஊரின் மறுகோடியில் ஒரு கடை வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து மனைவியின் குரல், "இருமல் எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்டது. சிகரெட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான். சட்டை போனது. உடம்பில் ஒரு பொத்தான் அளவுக்குத் தோலும் போனது. அந்தப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அதே பெட்டி சொன்னதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

பிறகு தெரு.

"உன் மனசுல என்னதான் நினைச்சிட்டிருக்கே?" என்று தையல்காரி காய்கறிக் கடையில் வழிமறித்தாள். "என் பையனுக்கு வெறும் சளி, வெந்நீர் குடின்னு அனுப்பிட்டே. வாத்தியார் வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் 'கொடுக்கலாம்'னு சொன்னியாமே? அவங்க வீட்ல என்ன, சளிகூடப் படிச்ச சளியா?"

"அது நான் இல்லைங்க. மிஷின்."

"மிஷினுக்கு உன் தொண்டை எதுக்கு?"

டீக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "நேத்து உங்களைத் தனியாப் பாத்துக் கேட்டுக்கலாம்னு இருந்தேன், கடையில ஆள் இருந்தாங்க" என்றார். பெட்டியிடம் பேசுவதற்கு முன்னால் அவளிடம் பேசிவைத்துக்கொண்டால் காரியம் சுலபமாகும் என்று பாதி ஊர் நம்பியது. டோக்கன் ஜன்னல் வழியாக ஒருவர் அரை கிலோ பேரீச்சம்பழத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணடித்தார். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். அவருக்கு மறுநாள் தற்செயலாகப் பச்சை விழுந்தது. அதன்பின் பேரீச்சம்பழ வரத்து அதிகமாகிவிட்டது.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். தாங்க முடியாதது அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே நடந்தது.

கணவனின் அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஒரே ஒரு மதம்தான்: எதுவும் வீணாகக் கூடாது. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டு, மூன்று என்று வெட்டி விற்பார். வெட்டும்போது அட்டையின் ஓரம்கூட வளையாது. பெட்டி வந்த புதிதில் பத்துக்கு ஏழு பேருக்கு அது வேண்டாம் என்றது. அவர் முகம் வாடியது. அப்புறம் எந்தெந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் சொன்னால் பச்சை விழும் என்று கண்டுபிடித்துவிட்டார். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேலா? ஆம். மூச்சு வாங்குகிறதா? இல்லை. சமீபத்தில் வேறு ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா? இல்லவே இல்லை. வந்தவர் இருமி முடிப்பதற்குள் அவர் விரல்கள் ஹார்மோனியம் வாசிப்பதுபோல் பெட்டியில் ஓடி முடித்திருக்கும். "கொடுக்கலாம்" என்று மருமகள் குரல் சொல்லும்.

வேலை முடிந்து வந்து படியேறும்போதெல்லாம் அவள் காதில் அதுதான் விழும். கொடுக்கலாம். கொடுக்கலாம். கொடுக்கலாம். தான் திடீரென்று கொடைவள்ளலாகிவிட்டது அவளுக்கே புதிதாக இருந்தது.

"பெரியத்தான், கேள்விய அவங்ககிட்ட கேக்கணும். நீங்களே அழுத்தக் கூடாது" என்று ஒருநாள் சொன்னாள்.

"நீ கேள்வி கேக்கறே, நான் பதில் சொல்றேன். குடும்பத்துல வேலையைப் பிரிச்சுக்கறது நல்லதுதானே?"

"தப்பாச் சொன்னா அதுவும் தப்பாத்தானே சொல்லும்?"

கல்லாவில் இருந்த ஓரகத்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, நாள் பூரா கடையில உன் குரல். சாயங்காலம் ஆனா படியில உன் குரல். எங்க காதுக்கும் லீவு வேணாமா?"

அவள் மேலே போய்விட்டாள். அந்த வீட்டில் அவள் வார்த்தை அதற்கு மேல் நடக்காது.

இந்த நேரத்தில்தான் மாமனார் ஒரு ஷூ வாங்கினார். பழைய நண்பர் ஒருவரின் பிரிவு உபசாரத்துக்குப் போட்டுப்போக, கூரான முனை வைத்த பழுப்பு நிற ஷூ. கடையில் போட்டுப் பார்க்கும்போதே கடித்திருக்கிறது. அளவு சரியில்லை என்று ஒத்துக்கொண்டால் கடைக்காரன் ஜெயித்துவிடுவான் என்று அதையே வாங்கிவந்து, விழா மாலை முழுவதும் அதிலேயே நின்றார். சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம். சர்க்கரை உள்ள உடம்பு. வலிகூடத் தெரியவில்லை. கொப்புளம் உடைந்து புண்ணானது.

மூத்தவர் கீழே போய்ப் பெட்டியில் விரலை ஓட்டினார். புண்ணைப் படமெடுக்கச் சொன்ன இடத்தைத் தாண்டிவிட்டார். அப்பாவைப் படியிறக்கிக் கொண்டுவர வேண்டுமே என்ற நல்லெண்ணம். சமீபத்தில் வேறு மருந்து சாப்பிட்டாரா என்றதற்கு வழக்கம்போல இல்லவே இல்லை. "கொடுக்கலாம்" என்றது மருமகள் குரல். வழக்கமான கேப்ஸ்யூலை எடுத்துவந்து, தன் கையாலேயே தண்ணீரும் கொடுத்து விழுங்கவைத்தார்.

அடுத்த சில நாள் அவளுக்கு மருத்துவமனையில் மூச்சுவிட நேரமில்லை. விடுமுறையன்று மதியம்தான் மாமனாரின் அறைப் பக்கம் போனாள். வாசலிலேயே ஒரு வாடை. உள்ளே அவர் போர்வைக்குள் பல்லடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே நீட்டியிருந்த கால் கணுக்கால்வரை பளபளவென்று வீங்கியிருந்தது. சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. டோக்கன் ஜன்னல் வழியாக இப்படிப்பட்ட கால்கள் உள்ளே போவதை அவள் பார்த்திருக்கிறாள். திரும்பி வரும்போது சில ஆட்களோடு அந்தக் கால் வராது.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இப்பவே."

"மருந்து சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். நீதானே சாப்பிடலாம்னு சொன்னே?"

"நான் சொல்லலை மாமா. பெட்டி சொல்லுச்சு."

"உன் குரல்தானே? இங்க படுத்திருந்தேன், நல்லாக் கேட்டுது. என்னை மடையன்னு நினைச்சியா?"

அவள் கீழே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கையில் பாதி வெட்டிய ஒரு அட்டையோடு மூத்தவரும், ஓரகத்தியும் வந்தார்கள். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். புண்ணைப் படமெடுத்தாள். நடுக்கம் உண்டா? ஆம். சர்க்கரை? ஆம். சமீபத்தில் வேறு ஆன்டிபயாடிக்? அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஆம் என்று அழுத்தினாள்.

"யாரைக் கேட்டு ஆமாங்கறே?" என்றார் மூத்தவர்.

"மாசத்துல பாதி நாள் மாமா ஏதோ ஒரு மாத்திரைய முழுங்கறார். நான் கண்ணால பாக்கறேன்."

"அது சத்து மாத்திரை."

பெட்டி சிவப்புக் காட்டியது. "இவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்" என்றது. வரிசையில் இடிக்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல்.

மாமனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "பாத்தியா! அன்னைக்கு சாப்பிடலாங்கறே, இன்னைக்கு வேணாங்கறே. இதுல எந்த மருமகளை நான் நம்பணும்? முதல்ல நீ உனக்குள்ள ஒரு முடிவுக்கு வா. அப்புறம் என் காலைப் பத்திப் பேசு." கண்ணைச் சுருக்கினார். டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்த முகம்.

"அதுகிட்ட பொய் சொன்னா அதுவும் என் குரல்ல பொய்தான் மாமா சொல்லும். அன்னைக்கு யாரோ அழுத்தினாங்க. இன்னைக்கு நான் அழுத்தினேன்."

"யாரோன்னா யாரு? என் புள்ளையவா சொல்றே?"

மூத்தவர் சுவரைப் பார்த்தார். ஓரகத்தி அவரைப் பார்த்தாள். மாமனார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "நான் வரலை" என்றார்.

அவளுடைய கணவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. திரும்பி, "அந்தத் தள்ளுவண்டி கீழே இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏற்றி இறக்க அவன் வைத்திருந்த இரண்டு சக்கர வண்டி அது. நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டை போட்டு இறுக்கலாம். போர்வையோடு மாமனாரை அதில் நிமிர்த்திப் பட்டையைப் போட்டார்கள். நடுக்கத்தில் அவரால் எதிர்க்க முடியவில்லை. திட்ட முடிந்தது.

"டேய், நான் உன் அப்பன்டா! ஃப்ரிட்ஜ் இல்லடா!"

"தெரியும்பா. ஃப்ரிட்ஜ் இவ்வளவு பேசாது" என்றான் வாயில்லாப் பூச்சி. அவன் தன் தகப்பனிடம் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

படிப்படியாக இறக்கினார்கள். "சுவத்துல இடிக்காதீங்க, இப்பத்தான் வெள்ளையடிச்சோம்!" என்று பின்னாலிருந்து ஓரகத்தி. தெருவில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, கம்ப்ரஸர் போயிடுச்சா?" என்றார். "அப்பாங்க" என்றான் கணவன். "ஓ" என்று அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து ஒரு கை பிடித்தார்.

மருத்துவமனையில் அதே டாக்டர்தான். காலைப் பார்த்ததும் அவருடைய வழக்கமான கிண்டல் போய்விட்டது. "வீக்கம் கணுக்காலைத் தாண்டிடுச்சு. கேக்கற மருந்து இன்னைக்கே உள்ள போகணும். கேக்காத மருந்தைப் போட்டுட்டு ரெண்டு நாள் காத்திருந்தா காலை என்னால காப்பாத்த முடியாது. சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பறேன், அதுல தெரியறதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் நான் ஊகத்துலதான் போடணும். அந்த ஊகத்துக்குத்தான் பெட்டி. அதுக்கு நிஜம் தெரியணும். போன ஆறு மாசத்துல இவர் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்?"

"எதுவும் இல்லை" என்றார் மாமனார் பெருமையோடு. "சத்து மாத்திரை மட்டும்தான்."

அவள் மூத்தவரைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒன்றும் சொல்வதாக இல்லை.

"பெரியத்தான்" என்றாள். "கடை போனா வேற கடை. கால் வேற கிடைக்காது."

ஓரகத்தி தன் புருஷன் விலாவில் முழங்கையால் இடித்தாள். "சொல்லித் தொலைங்களேன்!"

அவர் வாயைத் திறந்தார். திறந்ததும் மூட முடியவில்லை.

"போன மாசம் அந்த மஞ்ச கேப்ஸ்யூல். அதுக்கு முன்னாடி சிவப்பும் கருப்பும். வெள்ளையா நீளமா வரும்ல, அது ஒரு பத்து, ஏழு, அப்புறம் ஒரு மூணு. சிறுநீர்க் கடுப்புக்குக் குடுக்கறது கொஞ்சம். தேதி முடியப்போறது டாக்டர். கம்பெனி திரும்ப எடுத்துக்க மாட்டான். வெட்டி வித்தது போக நிக்கற துண்டு அட்டைங்க வேற. தூக்கிப்போட மனசு வரலை. அப்பாவுக்குன்னு எடுத்து வெச்சிடுவேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "அவருக்கு என்ன நோவுக்காக?"

"நோவு வராம இருக்கத்தான்."

"டேய்!" மாமனார் படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். "சத்து மாத்திரைன்னியேடா!"

"சத்துதானேப்பா? கிருமியைக் கொன்னா உடம்புக்கு சத்துதானே?" மூத்தவர் குரல் உடைந்துவிட்டது. "வேற யாருக்காவது குடுத்திருப்பேனா? உங்களுக்குத்தானேப்பா குடுத்தேன்."

அதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னது பொய்யே இல்லை. அந்த வீட்டில் தினமும் அந்தக் கிழவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

"வாழ்க்கை பூரா டிக்கெட் இல்லாதவனைப் புடிச்சேன்" என்று மாமனார் பொதுவாக வார்டைப் பார்த்துச் சொன்னார். "என் வயித்துக்குள்ளயே ஒரு வண்டி ஓசியில ஓடியிருக்கு."

டாக்டர் எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றினார். அது கொஞ்சம் யோசித்தது. "இவருக்கு வழக்கமான மாத்திரைகள் பலிக்க வாய்ப்பு குறைவு" என்று மருமகள் குரலில் ஆரம்பித்து, ஒரு ஊசியின் பெயரைச் சொன்னது. டாக்டர் தலையசைத்தார். "நானும் அதைத்தான் நினைச்சேன். அது வேற சொல்லியிருந்தாலும் நான் இதைத்தான் போட்டிருப்பேன். இருந்தாலும் ஒரு துணை."

அன்றே ஊசி ஏறியது. அழுகிப்போன சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மிச்சக் கால் நிற்குமா என்பது லேப் ஆள் விழித்திருப்பதைப் பொறுத்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் அந்த இரண்டு நாளும் மதியத்தில் தூங்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று மூத்தவர் லேப் வாசலிலேயே நின்றிருந்தார். லேப் ஆள் ஒரு வட்டத் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கிருமியை வளர்த்து, மேலே பொத்தான் பொத்தானாக வெள்ளைக் காகிதத் துண்டுகளை வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் துண்டைச் சுற்றிக் கிருமி செத்து, வெறும் வட்டம் விழும். அந்தத் தட்டில் முக்கால்வாசித் துண்டுகளைக் கிருமி தொட்டுக்கொண்டு, சாய்ந்துகொண்டு, சில இடத்தில் ஏறியும் உட்கார்ந்திருந்தது. இரண்டே துண்டுகளைச் சுற்றித்தான் வட்டம். அதில் ஒன்று ஏறிக்கொண்டிருந்த ஊசி.

மூத்தவர் ஒவ்வொரு துண்டாக விரலை வைத்துப் பேர் கேட்டுக்கொண்டே வந்தார். "இது நம்ம ரெண்டாவது தட்டு" என்றார். "இதுவும் நம்மகிட்ட இருக்கு. இது கல்லாவுக்குப் பின்னாடி." கடைசியில், "என் கடையே இதுக்குள்ள இருக்கு" என்றார். "ஒண்ணுகூட வேலை செய்யலை." பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குத் திரும்பிய பிறகு அவர் மகானாகிவிடவில்லை. கத்தரிக்கோல் இப்போதும் இருக்கிறது. ஆனால் பெட்டியின் கேள்விகளை வந்தவரிடமே கேட்கிறார். ஒன்று விடாமல், சத்தமாக. அதனால் கடையில் வரிசை நிற்கிறது. "போன மாசம் என்ன சாப்பிட்டீங்க? நிஜத்தைச் சொல்லுங்க" என்று அவர் கேட்கிற கேள்விக்கு, பரீட்சை எழுத வந்ததாக நினைத்துக்கொண்டு பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. ஓரகத்தி அதற்கும் சேர்த்து இவளைத்தான் முறைக்கிறாள்.

மாமனாருக்குக் காய்ச்சல் இறங்கியது. வீக்கம் வடிந்தது. தெம்பு வந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம். "நல்லாயிடுச்சு, எதுக்கு இன்னும் குத்தறீங்க?" என்று நர்ஸிடம் கையை மடக்கிக்கொண்டார். நர்ஸ் கெஞ்சினார். மூத்தவர் கெஞ்சினார். மூத்தவர் கெஞ்சியதும் கிழவர் கையை இன்னும் இறுக்கமாக மடக்கிக்கொண்டார். மகன் கொடுத்ததை எல்லாம் கேள்வி கேட்காமல் விழுங்கிய வாய் இப்போது அவனிடம் பேசுவதில்லை.

நர்ஸ் பெட்டியை எடுத்து வந்து தட்டினார். "சிகிச்சையைப் பாதியில் நிறுத்தக் கூடாது" என்று அது ஆரம்பித்தது.

"அதை மூடு" என்றார் மாமனார்.

நர்ஸ் மூடினார்.

அவள் டோக்கன் வேலைக்கு நடுவே ஓடிவந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் வரிசை குலைந்து, இரைச்சல் இங்கேவரை வந்தது. மாமனார் ஒரு கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லு" என்றார்.

"என்ன மாமா?"

"போடணுமா, வேணாமா? அது சொல்ல வேணாம். எவனும் எதையும் அழுத்த வேணாம். நீ வாயைத் திறந்து சொல்லு."

கூடத்தில் வரிசையை நிறுத்துகிற குரலை அவள் எடுக்கவில்லை. அந்தக் குரல் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"போடணும் மாமா" என்றாள். "இன்னும் ஒரு வாரம் போடணும். நடுவுல விட்டா திரும்ப வரும். அடுத்த தடவை ஒரு விரலோட போகாது."

மாமனார் கையை நீட்டினார்.

"நிஜ மருமக வீட்லயே இருக்கா, இத்தனை நாள் யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார் நர்ஸிடம். ஊசி இறங்கியதும், "யம்மா! பாத்துக் குத்தேன், அது கை, டிக்கெட் இல்லை ஓட்டை போட!" என்று கத்தினார்.

அவள் கூடத்துக்குத் திரும்பி ஓடினாள். வரிசை கலைந்து, எல்லோரும் ஜன்னலை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.